பீங்கானுக்குக் காய்ச்சல்

அந்த வீட்டு டிராக்டரை ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். கிளப்பத் தெரிந்தவர் ஒரே ஒருவர். அவருக்கு ஓட்டத் தெரியாது.

கேட்கச் சிரிப்பாக இருக்கிறதா? சிரித்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டுக்காரி மட்டும் சிரிக்கவில்லை. ஓட்டத் தெரிந்த இரண்டு பேரில் ஒருத்தி அவள்தான்.

இன்னொருவர் அவள் புருஷன். அவருக்கு எடை மேடையில் வேலை. லாரி வந்து ஏறி நின்றால் எவ்வளவு பாரம் என்று பார்த்துச் சீட்டுக் கிழித்துக் கொடுக்க வேண்டும். விடிந்ததும் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். அதனால் நிலத்தை உழுவது, பரம்படிப்பது, விதைப்பது எல்லாம் இவள் தலையில். அது அவளுக்குப் பாரமில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்தாளானால் அவள் போட்ட உழவுச் சாலில் நூல் பிடித்துப் பார்க்கலாம். ஆனால் வண்டி கிளம்ப வேண்டுமே!

டிராக்டர் அவள் மாமனார் காலத்துப் பெட்ரோல் வண்டி. அதன் பேட்டரி ஆறு வோல்ட். ஆறு வோல்ட் என்றால் உங்களுக்கு எப்படிச் சொல்வது... தூங்கி எழுந்த கிழவரிடம் "சந்தைக்கு ஓடிப்போய் வாருங்கள்" என்றால் எப்படி இருக்கும், அப்படி. பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு இருமல். இன்னொரு தடவை அழுத்தினால் பெருமூச்சு. மூன்றாவது தடவை அதுவும் கிடையாது. அதற்கப்புறம் வண்டியின் மூக்கில் இரும்பு ஹேண்டிலைச் செருகிச் சுற்றித்தான் உயிர் கொடுக்க வேண்டும்.

சுற்றுவதற்கு வருபவர்தான் ஹேண்டில்காரர். புருஷனின் அக்காவைக் கட்டியவர். அடுத்த தெரு. குடிநீர் நிலையத்தில் வால்வு திறந்து மூடும் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கை திருகினால்தான் ஊருக்குத் தண்ணீர் என்று ஒரு காலம் இருந்தது. ஊரே குடத்தோடு அவருக்காகக் காத்து நிற்கும். அந்த ருசி கண்ட கையை ஓய்வூதியம் கொடுத்து உட்கார வைத்தால் உட்காருமா?

காலையில் அவர் வருகிற அழகே தனி. சட்டைக் கையை மடித்து, பாக்கெட்டில் நான்காய் மடித்த கட்டம் போட்ட கைக்குட்டையோடு வருவார். வந்ததும் டிராக்டரைத் தொட மாட்டார். முதலில் டீ. டீக்கு அப்புறம் செய்தித்தாள். செய்தித்தாளுக்கு அப்புறம் வானத்தைப் பார்த்து, "இன்னிக்குக் காத்துல குளிர்ச்சி இருக்கு, எஞ்சின் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்" என்பார். பிறகு ஹேண்டிலைக் கையில் எடுத்து, அதன் நுனியைக் கைக்குட்டையால் துடைத்து, கால்களை அகட்டி நிற்பார்.

"தள்ளி நில்லும்மா தங்கச்சி. இது விளையாட்டுச் சாமான் இல்ல."

"நான் தள்ளித்தான் நிக்கிறேன், அண்ணே. வெயில்தான் கிட்ட வந்துக்கிட்டே இருக்கு."

"அவசரப்பட்டா ஆகாது. இதுக்கு ஒரு நேக்கு வேணும்."

நேக்கு இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஒரே இழுப்பில் கிளப்புவார். அதில் குறை சொல்ல முடியாது. குறை எல்லாம், நிலத்தின் நடுவில் வண்டி நின்றால் அவள் வரப்போடு நடந்து, தெரு தாண்டி அவர் வீட்டுக்குப் போய், அவர் குளித்துக்கொண்டிருந்தால் காத்திருந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தால் காத்திருந்து, தூங்கிக்கொண்டிருந்தால் மேலும் காத்திருந்து, கூட்டிக்கொண்டு திரும்ப வேண்டும் என்பதுதான். போன பருவத்தில் அப்படிக் காத்திருந்தே மண்ணின் ஈரம் போய்விட்டது. மக்காச்சோளம் பாதிதான் முளைத்தது. அதை வந்து பார்த்த ஹேண்டில்காரர், "விதை சரியில்லம்மா" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு டீ குடித்தார்.

அவளே சுற்றிப் பார்க்கக் கூடாதா என்கிறீர்கள். பார்த்தாள். எஞ்சின் திருப்பி உதைத்து, ஹேண்டில் அவள் மணிக்கட்டில் அடித்து, எலும்பு விட்டுப்போய்க் கட்டுப் போட்டார்கள். கட்டைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஹேண்டில்காரரின் கையைத்தான் புகழ்ந்துவிட்டுப் போனார்கள்.

இந்த வருஷம் மழை வருவதற்கு முன்பே ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் சொல்லிவிட்டாள்.

"வண்டியைப் பன்னெண்டு வோல்ட்டுக்கு மாத்தணும். பொத்தானை அமுக்கினா கிளம்பணும். நான் அமுக்கினா கிளம்பணும்."

புருஷன் தட்டிலிருந்து நிமிர்ந்தார். "அது ஆறு வோல்ட்டாவே பிறந்த வண்டி."

"நீங்களும்தான் பல்லில்லாமப் பிறந்தீங்க. இப்ப எலும்பைக் கடிக்கலையா?"

"மாமா என்ன நினைப்பார்?"

"வண்டி அவரோடதா?"

"வண்டி நம்மளோடதுதான். வருத்தம் அவரோடதுல்ல."

எடை மேடைக்காரர் அல்லவா, எதையும் இரண்டு பக்கமும் வைத்துத்தான் பார்ப்பார். அப்படிப் பார்த்தால் முள் நடுவிலேயே நிற்கும் என்று அவருக்குத் தெரியும். அதுதான் அவருக்கு வேண்டியதும்.

விஷயம் அடுத்த தெருவுக்குப் போனதும் நாத்தனாரே நேரில் வந்துவிட்டாள். வாயில் எதையும் வடிகட்டாதவள்.

"இந்தாடி, உள்ளதைச் சொல்றேன். அந்த மனுஷன் காலைல உங்க வீட்டுக்கு வர்ற நேரந்தான் நான் வீட்டைப் பெருக்குற நேரம். அவர் இருந்தா எங்க பெருக்கணுமோ அங்கதான் உட்காருவார். அவரை எங்கிட்டயே திருப்பி அனுப்பிடாதே."

"அண்ணி, உங்க வீடு பெருக்குறதுக்காக என் நிலம் காயணுமா?"

"காய வேண்டாம். அந்த மனுஷனையும் அனுப்ப வேண்டாம். ரெண்டுக்கும் ஒரு வழி பாரு, நீதான் கெட்டிக்காரியாச்சே" என்று வேலையை அவள் தலையிலேயே கட்டிவிட்டுப் போனாள்.

பேட்டரிக் கடைக்காரர் ஒரு லீவு நாள் காலையில் வந்து இறங்கினார். வாய் ஓயாத மனிதர். வயரைக் கடித்துக்கொண்டே பேசுவார். பேச்சில் பாதி எதிர்க்கடைக்காரனைப் பற்றித்தான். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பழைய டைனமோவைக் கழற்றி, ஏதோ ஒரு காரில் இருந்து எடுத்த ஆல்டர்நேட்டரை மாட்டினார். ஆறு வோல்ட் பேட்டரி இருந்த இடத்தில் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி உட்கார்ந்தது. தீப்பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலை மட்டும் மாற்றவில்லை.

"காயில் நல்ல பழைய காயில்ம்மா, இது மாதிரி இப்பக் கிடையாது. ஆனா இது ஆறுக்குப் பழகினது. பன்னெண்டையும் நேரா ஊட்டினா வெந்துரும். அதனால நடுவுல இவனைப் போடுறேன்."

சோப்புக் கட்டி அளவில் ஒரு வெள்ளைப் பீங்கானை எடுத்துக் காட்டி, காயிலுக்குப் பக்கத்தில் தகட்டில் திருகினார்.

"வர்றதுல பாதியை இவன் தின்னுருவான். மிச்சந்தான் காயிலுக்கு. தின்னதையெல்லாம் இவன் சூடாத்தான் கக்குவான். தொட்டா தோல் உரியும். சுடுதேன்னு யாரும் பயப்படக் கூடாது. இவன் பிழைப்பே சுடுறதுதான்."

இதை அவர் எல்லோருக்கும் பொதுவாகத்தான் சொன்னார். ஆனால் அந்த நேரத்தில் புருஷன் வண்டியின் முன் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹேண்டில்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தனக்கு இதில் சம்பந்தமே இல்லை என்று காட்ட வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் வாங்கியது அவள் ஒருத்தி.

"சரி, அமுக்கும்மா" என்றார் கடைக்காரர்.

அவள் ஏறி உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாள். இருமல் இல்லை, பெருமூச்சு இல்லை. முதல் சுற்றிலேயே எஞ்சின் உறுமிய உறுமலில் கூரை மேலிருந்த புறாக்கள் எழும்பிப் போயின. இடது கையால் அழுத்தியிருந்தாள், கட்டுப் போட்டுப் பிரித்த கை. அதை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சத்தத்தில் கேட்டிருக்காது.

புருஷன் அதே சந்தோஷத்தில் முன் விளக்கைப் போட்டார். பட்டென்று ஒரு வெளிச்சம், பிறகு இருட்டு. ஆறு வோல்ட் பல்பு. அதை மாற்றக் கடைக்காரர் மறந்துவிட்டார்.

"பகல்ல எதுக்கு விளக்கு?" என்று கடைக்காரர் கண்டித்தது புருஷனைத்தான். மின்சார அளவு காட்டும் முள்ளும் தலைகீழாக ஆடியது. சார்ஜ் ஏறும்போது இறங்குவதாகக் காட்டியது. "அது வயரை மாத்தி மாட்டணும். அடுத்த தடவை பார்ப்போம். அதுவரைக்கும் நீங்க முள்ளைத் தலைகீழாப் படிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு வண்டியேறிப் போய்விட்டார். எதிர்க்கடைக்காரனாக இருந்தால் முள்ளையே பிடுங்கிப் போட்டிருப்பானாம்.

மறுநாள் காலை ஹேண்டில்காரர் வழக்கம்போல் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். டிராக்டர் இல்லை. தரையில் எண்ணெய்க் கறையும், சுவரில் சாய்த்த ஹேண்டிலும்தான் இருந்தன. தூரத்தில் உழுகிற சத்தம். எடை மேடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த புருஷன், "மாமா, டீ?" என்றார்.

"வேணாம் மாப்ளே" என்றார் அவர். வரலாற்றில் முதல் தடவையாக.

ஆனால் அவர் அப்படியே வீட்டுக்குத் திரும்பும் ஆளா? அங்கே விளக்குமாறு காத்திருந்தது. நேரே நிலத்துக்கு நடந்தார். உழுகிற வண்டிக்குப் பக்கத்திலேயே வரப்பில் நடந்து, அது திரும்பும்போது தானும் திரும்பி, கண்ணுக்குக் கை வைத்துப் பார்த்து, ஒரு மணி நேரத்தில் தனக்குப் புது உத்தியோகம் கண்டுபிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி! நிறுத்து, நிறுத்து! முள்ளு இறங்குது!"

"அது ஏறுதுண்ணே. தலைகீழாப் படிக்கணும்."

"தலைகீழாவா? நீ சொல்லி நான் கேக்கணுமா? சரி. இந்தப் பீங்கான் என்ன இப்படிக் கொதிக்குது?" தொட்டுவிட்டார். விரலை வாயில் வைத்துக்கொண்டே பேசினார். "ஐயையோ, வண்டிக்குக் காய்ச்சல்! உடம்பு பூரா நெருப்பு!"

"அது அப்படித்தான் சுடுமாம், அண்ணே. தொடாதீங்க."

"சுடுற சாமான் எதுவும் நல்லாயிருந்து நான் பார்த்ததில்ல. எங்க பம்பு சுட்டா என்ன செய்வோம் தெரியுமா? தண்ணி."

"இதுல தண்ணி காட்டக் கூடாது."

"தண்ணியால கெட்ட பொருள் உலகத்துல கிடையாது" என்றார், வாழ்நாளெல்லாம் தண்ணீரைத் திறந்து மூடியவர்.

மழை பெய்து மண் பதமாக இருந்த நாட்கள் அவை. முந்தைய பருவம் போல் ஈரத்தைத் தப்பவிடக் கூடாது என்று அவள் பேய் மாதிரி உழுதாள். நடுவில் நின்றால் பொத்தான். திரும்பவும் கிளம்பினாள். யாரையும் கூப்பிடப் போகவில்லை. அவர் தினமும் வந்து பீங்கானைப் பார்த்து உச்சுக்கொட்டுவார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

விதைப்புக்கு முந்தின நாள் மதியம், எஞ்சினை ஓடவிட்டே இறங்கி, மரத்தடியில் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தாள். வண்டிக்கு அந்தப் பக்கம் யாரோ குனிந்தது போல் இருந்தது. சுர்ர் என்று ஒரு சத்தம். உடனே எஞ்சின் நின்றது. படிப்படியாக அல்ல, பேசிக்கொண்டிருந்தவன் வாயைப் பொத்தியது போல.

ஓடிப் போய்ப் பொத்தானை அழுத்தினாள். எஞ்சின் ஜோராகச் சுற்றியது. ஆனால் கிளம்பவில்லை. திரும்பத் திரும்பச் சுற்றியது. ஒன்றும் இல்லை.

வண்டிக்குப் பின்னாலிருந்து ஹேண்டில்காரர் வந்தார். முகத்தில் கவலை, நடையில் ஒரு துள்ளல்.

"நான் அன்னிக்கே சொன்னேன். சின்ன வயித்துல பெரிய சாப்பாட்டைத் திணிச்சா என்ன ஆகும்? உள்ள எல்லாம் வெந்திருக்கும். கவலைப்படாதே தங்கச்சி. ஹேண்டிலை எடுத்துட்டு வரேன்."

எடுத்து வந்தார். நுனியைத் துடைக்கப் பாக்கெட்டுக்குள் கை விட்டார். கை வெறுமையாக வெளியே வந்தது. சட்டை முனையால் துடைத்தார். சுற்றினார். கிளம்பவில்லை. மறுபடியும் சுற்றினார். முதுகு நனைந்தது, முகம் சிவந்தது, மூச்சு இரைத்தது. எந்த எஞ்சின் அவர் கைக்கு ஒரே இழுப்பில் எழுந்து நின்றதோ, அது இப்போது அவரை அடையாளம் தெரியாத மாதிரி கிடந்தது. கடைசியில் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

அவளுக்குக் கோபத்திலும் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வாட்டர் பாட்டிலை நீட்டினாள்.

அன்று பொழுது சாய்ந்ததும் வீட்டில் மாநாடு கூடியது. ஹேண்டில்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வரப்பில் உட்கார்ந்த ஆளே இல்லை.

"பன்னெண்டு ஒத்துக்கலை, மாப்ளே. எப்படி இருந்த வண்டி! என் கைக்கே எழுந்திரிக்கலைன்னா பாத்துக்க. பழையபடி ஆறுக்கே போயிருவோம்."

புருஷன் எடை போட்டார். இந்தத் தடவை முள் நடுவில் நிற்கவில்லை. "சரி மாமா. வர்ற லீவு அன்னிக்குப் பழைய டைனமோவை மாட்டச் சொல்லிடறேன்."

"விதைப்பு நாளைக்கு" என்றாள் அவள்.

"லீவுக்கு இன்னும் ரெண்டு மூணு நாள்தானே? ஈரம் எங்க போகப் போகுது?"

ஈரம் எங்கே போகும் என்று போன வருஷமே அவள் பார்த்திருந்தாள். எழுந்து உள்ளே போனாள்.

விடிந்ததும் நிலத்துக்குப் போய், நின்ற இடத்தில் நின்ற வண்டியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அவளுக்கு மின்சாரம் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஒன்று மட்டும் உறுத்தியது. பேட்டரி சுற்றினாலும் வரவில்லை, ஹேண்டில் சுற்றினாலும் வரவில்லை என்றால் குற்றம் சுற்றுவதில் இல்லை. பாதி தின்றுவிட்டு மிச்சத்தைக் கொடுக்கிறவன் ஒருவன் நடுவில் இருந்தானே, அவன் என்ன ஆனான்?

பீங்கான் குறுக்காக வெடித்திருந்தது. வெடிப்பின் வாயில், வறட்டி போல் ஒட்டிக் காய்ந்து, ஒரு துண்டுத் துணி. விளிம்பெல்லாம் கருகியிருந்தது. கருகாத இடத்தில் கட்டம் போட்டிருந்தது.

துணியைப் பிய்த்தெடுக்காமல், பீங்கானோடு சேர்த்துத் திருகிக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு நேரே அடுத்த தெருவுக்குப் போனாள்.

அங்கே ஹேண்டில்காரர் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து நாத்தனாரின் குரல்: "ஏங்க, காலைத் தூக்குங்க. ஏங்க, அந்தப் பக்கம் போங்க. ஏங்க, அந்தப் பக்கம் இப்பத்தான் துடைச்சேன்!" அவர் காலைத் தூக்கினார், நகர்ந்தார், மறுபடியும் நகர்ந்தார். ஊருக்கே தண்ணீர் திறந்துவிட்டவருக்கு அந்த வீட்டில் கால் வைக்க இடம் கிடைக்கவில்லை.

அவள் முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். அவர் பார்த்தார். உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அவர் குரல் இறங்கிவிட்டது.

"கொதிச்சுதும்மா. ஈரத்துணி போட்டா ஆறும்னு பார்த்தேன். நல்லதுக்குத்தான்..."

"நல்லதுக்குத்தான், அண்ணே. நல்லதுக்குப் போட்டதாலதான் முடிஞ்சு எடுத்துட்டு வந்தேன். இல்லேன்னா இன்னொரு மாநாடு கூட்டிப் பிரிச்சு வெச்சிருப்பேன்."

"இவளுக்குத் தெரிஞ்சா..."

"தெரிய வேணாம். எனக்கு இன்னிக்கு விதைக்கணும். பன்னெண்டுலதான் விதைக்கணும். உங்க மாப்ளே நீங்க சொன்னாத்தான் கேப்பார்."

அவர் கைக்குட்டையின் கருகிய ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, அவளைப் பார்க்காமல் கேட்டார்: "அது சரி தங்கச்சி. பொத்தானை அமுக்கினா கிளம்பிரும்னா, காலைல நான் எங்கம்மா போவேன்?"

கேலியாக ஏதோ சொல்ல வாயெடுத்தவள், நிறுத்திக்கொண்டாள்.

"டீ வழக்கம்போல இருக்கும். பேப்பரும் வரும். வண்டி மட்டும் காத்திருக்காது. நீங்க சீக்கிரம் வந்தா வண்டியும் இருக்கும்."

இருவரும் பேட்டரிக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் பீங்கானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு இதுல தண்ணி ஊத்தினது?"

"மழைங்க" என்றார் ஹேண்டில்காரர்.

"மழை கட்டம் போட்ட துணியிலயா பெய்யுது உங்க பக்கம்?"

"எதிர்க்கடைல இதைவிடக் கெட்டியான பீங்கான் இருக்காமே" என்றாள் அவள். அதற்கப்புறம் கடைக்காரருக்கு மழை ஞாபகமே இல்லை. புதுப் பீங்கானை எடுத்துக்கொண்டு அவரே வந்து மாட்டினார். முள்ளின் வயரையும் மாற்றினார். புது பல்பு கொண்டுவர மறந்துவிட்டார்.

பொத்தானை அழுத்தினாள். நிலத்தில் மேய்ந்த புறாக்கள் எழும்பின. பொழுது இறங்குவதற்குள் விதைப்பு முடிந்தது. மண்ணைக் கையில் பிடித்தால் பிடித்த வடிவத்திலேயே நின்றது.

புருஷன் திரும்பி வந்தபோது ஹேண்டில்காரர் அதே நாற்காலியில் அதே நிமிர்வோடு இருந்தார்.

"மாப்ளே, ராத்திரி பூரா யோசிச்சேன். குத்தம் பன்னெண்டுல இல்ல. பீங்கான்ல. மட்டமான சரக்கு. காலைல முதல் வேலையா நான் கண்டுபிடிச்சு, கடைக்காரனை நாலு கேள்வி கேட்டு, மாத்தி வாங்கினேன். வண்டி பன்னெண்டுலயே இருக்கட்டும்."

"நீங்க சொன்னா சரிதான், மாமா" என்றார் புருஷன். பிறகு மனைவியைப் பார்த்து, "பாத்தியா, மாமா இல்லேன்னா நமக்கு யாரு?" என்றார்.

"அதானே" என்றாள் அவள், குழம்பைக் கிண்டிக்கொண்டே.

இப்போதும் காலையில் அவர் வருகிறார், முன்னைவிட வெகு சீக்கிரமாக. நாத்தனாருக்கு அதில் ரொம்பத் திருப்தி. நின்றுகொண்டே டீயைக் குடித்துவிட்டு, ஹேண்டிலைத் தோளில் சாய்த்து வண்டிக்கு முன்னால் நின்று, கையை உயர்த்தி, "ம், எடும்மா!" என்று உத்தரவு கொடுப்பார். அதற்கு முன்பே அவள் அழுத்தியிருப்பாள். தெருவில் போகிறவர்கள், அவர் சொன்னதால்தான் வண்டி கிளம்புகிறது என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள்.

எப்போதாவது அவர் பீங்கான் பக்கம் குனிந்து, "இன்னிக்குச் சூடு கொஞ்சம் ஜாஸ்தியா..." என்று ஆரம்பிப்பார்.

அவள் சீட்டுக்கு அடியிலிருந்து, துவைத்து நான்காய் மடித்த, ஓரமெல்லாம் கருகிய கட்டம் போட்ட கைக்குட்டையை எடுத்து, மெதுவாக முகத்தைத் துடைத்துக்கொள்வாள்.

அவர் நிமிர்ந்து வானத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.